நைட்கேப் பைப் புகையிலையில் விறகுப் புகையைத் தாண்டி ருசி பிடிப்பது எப்படி?

மாலைப்புகை:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது என் முதல் கேள்வி. பைப் பிடிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இதுவரை பிடித்ததெல்லாம் வெனிலா, செர்ரி, விஸ்கி என்று வாசனை ஏற்றிய அரோமேட்டிக் வகைகள். அதில் யாரும் ருசியைத் தேட வேண்டியதில்லை, டின்னில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அறை முழுக்க மணக்கும். இங்கிலிஷ் கலவைகள் பக்கம் வரலாம் என்று இப்போது பீட்டர்சன் நைட்கேப் 50 கிராம் டின் வாங்கியிருக்கிறேன். லட்டாக்கியா, ஓரியண்டல், வர்ஜீனியா, கொஞ்சம் பெரிக் என்று நான்கு இலை சேர்ந்த கலவை.

பற்றவைத்ததிலிருந்து கடைசி வரை எனக்கு விறகுப் புகை மட்டும்தான் தெரிகிறது. இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் உலர்திராட்சை, மிளகு, பழைய தோல், ஈர மண் என்று அடுக்குகிறார்கள், எனக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. பைப்பின் கிண்ணத்தில் பாதி தாண்டும்போது நாக்கு எரிய ஆரம்பித்துவிடுகிறது, அதற்கப்புறம் ருசி என்ற பேச்சுக்கே இடமில்லை. வருடக்கணக்கில் பிடித்தால்தான் இது வருமா, இல்லை பழகிக்கொள்ள வழி ஏதாவது இருக்கிறதா? நான்கு இலையையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பது ஆசை. கையில் ஒரு பிரையர் மரப் பைப், ஒரு கார்ன் காப் (சோளக்கதிர்த் தண்டில் செய்த பைப்) இருக்கின்றன.

கடுங்காப்பி:

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இருக்காது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி, அவ்வளவுதான். உலர்திராட்சை, தோல், மண் எல்லாம் மூக்கு சொல்லும் சேதி. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பலருக்கு அது வாயில் வந்து வாயிலேயே போய்விடுகிறது, மூக்கு பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. சின்னதாக ஒரு இழுப்பு இழுத்து, வாயில் கொஞ்சம் வைத்திருந்து, முக்கால்வாசியை உதடு வழியாக விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மெதுவாக வெளியே தள்ளுங்கள். ரெட்ரோஹேல் என்று சொல்வது இதைத்தான். முதலில் சுருக்கென்று இருக்கும், கண்ணில் நீர்கூட வரலாம். அளவைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எரிச்சல் போய் மணம் மட்டும் நிற்கும். நான்கு இலை, ஐந்து இலை என்று பிரித்துப் பேசுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள்.

அடுத்தது ஈரம். டின்னைத் திறந்த கையோடு கிண்ணத்தில் அடைத்தால் பல கலவைகள் ஈரம் தாங்காமல் அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க வேகமாக இழுப்போம், வேகமாக இழுத்தால் சூடும் நீராவியும் சேர்ந்து நாக்கை வேகவைக்கும். நீங்கள் சொல்லும் எரிச்சல் பெரும்பாலும் அதுதான். ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை எடுத்து ஒரு தட்டில் பரப்பி அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். விரலுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டு விட்டால் கட்டியாக ஒட்டி நிற்கக் கூடாது, பொடிந்து உதிரவும் கூடாது, மெதுவாகத் தானே விரிய வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முடியாது. ஐரோப்பாவில் மெதுவாகப் பிடிக்கும் போட்டிகள் நடக்கின்றன. எல்லோருக்கும் ஒரே பைப், 3 கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி, அழுத்திவிட ஒரு டாம்பர், யாருடையது கடைசியில் அணைகிறதோ அவர் ஜெயித்தார். அந்த 3 கிராமை 3 மணி நேரத்துக்கு மேல் அணையாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. நாம் அப்படிச் செய்ய வேண்டாம், ஆனால் 3 கிராம் புகையிலைக்குள் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடக் கூடாது, இதமான வெதுவெதுப்பு இருந்தால் போதும். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைப்பது ஒரு குற்றமே இல்லை. சர்க்கரை உள்ள வர்ஜீனியா இலை குறைந்த சூட்டில்தான் இனிக்கும், கொதிக்கவிட்டால் அந்த இனிப்பே காரமாக மாறி நாக்கைக் கடிக்கும்.

பனைநிழல்:

ஆரம்பத்துக்கு நைட்கேப் வேண்டாம் என்பது என் கருத்து. அதை மூடி வைத்துவிட்டு வெறும் வர்ஜீனியா ஃபிளேக் (அழுத்தித் தகடாக நறுக்கிய இலை) ஒன்றில் ஒரு மாதம் இருங்கள். சாமுவேல் கேவித் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக் நல்லது, இங்கிலாந்தில் கெண்டல் ஊரில் 1792 முதல் புகையிலை செய்கிறவர்கள். ஆனால் ரொம்ப ஈரமாக வரும், நன்றாகக் காயவைக்க வேண்டும். வர்ஜீனியாவின் ருசி நாக்கில் பதிந்துவிட்டால் எந்தக் கலவைக்குள் அது இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கனகராயன்:

தம்பி, பிடிக்கும் முறையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த இலை என்ன வேலை செய்கிறது என்று விளங்கினால் எங்கே தேட வேண்டும் என்பதும் விளங்கும்.

லட்டாக்கியா தனிச் செடி இல்லை, பதப்படுத்தும் முறை. சிரியாவில் உள்ள துறைமுக நகரத்தின் பெயர்தான் அது, அங்கேதான் தொடங்கியது. இப்போது டின்களில் வருவது பெரும்பாலும் சைப்ரஸ் லட்டாக்கியா. சிறிய இலை உள்ள ஓரியண்டல் வகையை வெயிலில் காயவைத்துவிட்டு, கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே மாஸ்டிக், மிர்ட்டில், பைன் போன்றவற்றின் சுள்ளிகளைக் கொழுந்துவிடாமல் கனலவைத்து நாள் கணக்காகப் புகையூட்டுவார்கள். இலை கரி நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குடிலுக்குள் கட்டிப் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இந்த விசயம் எனக்கு உடனே பிடிபட்டது. எந்த விறகில் புகை போட்டார்களோ அந்த விறகு இலைக்குள் இருக்கும். லட்டாக்கியாவின் மணத்தை வெறும் 'புகை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அதற்குள் பிசின் இருக்கிறதா, மூலிகை இருக்கிறதா, சாம்பிராணி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கோ. அங்கேயே கதவு திறந்துவிடும்.

இன்னொன்று. லட்டாக்கியா பார்க்கக் கறுப்பு, மணத்தில் பலம், அதனால் கலவையின் உறைப்பும் அதிலிருந்துதான் வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். லட்டாக்கியாவில் நிக்கோட்டின் குறைவு. நைட்கேப் பிடித்துத் தலை கிறுகிறுத்தால் அதற்குக் காரணம் மற்ற இலைகள். வெறும் வயிற்றில் பிடிக்க வேண்டாம், பக்கத்தில் இனிப்பாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கோ.

ஓரியண்டல் என்பது புகை போடாத, வெயிலில் மட்டும் காய்ந்த இலை. துருக்கி, கிரேக்கம், மாசிடோனியா பக்கத்து மண்ணில் விளைவது. அதில் ஒரு புளிப்பும், காய்ந்த மூலிகை மணமும், சிலவற்றில் பூ வாசமும் இருக்கும். லட்டாக்கியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைப்பது அதுதான், அதனால்தான் தனியாகக் காணக் கஷ்டம். வர்ஜீனியா அடியில் இருக்கும் இனிப்பு. அதைப் பதப்படுத்தும் கொட்டகைக்குள் குழாய் வழியாகச் சூடு மட்டும் போகும், புகை இலையில் படாது, இலையில் உள்ள சர்க்கரையும் அப்படியே தங்கிவிடும். கிண்ணத்தின் நடுப்பகுதியில், லட்டாக்கியா கொஞ்சம் அடங்கியபிறகு, மூச்சை விட்டு முடித்தபின் உதட்டில் ஒரு இனிப்பு நிற்கும், அதைப் பிடியுங்கோ.

பனைநிழல் சொன்னதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஒரு மாதம் மூடி வைக்கத் தேவையில்லை. அதே பீட்டர்சன் வரிசையில் ஏர்லி மார்னிங் பைப் என்று ஒன்று இருக்கிறது, அதே குடும்பம், லட்டாக்கியா மட்டும் குறைவு, பெரிக் இல்லை. காலையில் அதை ஒருக்கா, இரவில் நைட்கேப் ஒருக்கா என்று ஒரு கிழமை பிடித்தால் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று தானே தெரியும்.

மாலைப்புகை:

எல்லோருக்கும் நன்றி, தட்டில் காயவைத்துப் பிடித்ததில் எரிச்சல் பெருமளவு குறைந்தது. மூக்கு வழியே விடும்போது மிளகுக் காரம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது, அது பெரிக்கா? கனகராயன் ஐயா பெரிக்கைத் தொடவில்லை, யாராவது சொல்லுங்கள். டின்னில் எது பெரிக் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியுமா?

ஓக்பீப்பாய்:

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். நான் இருப்பது அமெரிக்காவின் லூசியானாவில், பேட்டன் ரூஜில். பெரிக் விளையும் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் (இங்கே மாவட்டத்தை அப்படிச் சொல்வார்கள்) இங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிற வழியில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி இருக்கிறது. பெரிக் என்றால் அந்தச் சின்ன இடம்தான், கிராண்ட் பாயிண்ட் என்ற மேட்டு நிலத்தைச் சுற்றித்தான் பேர்பெற்ற தோட்டங்கள். பியர் செனே என்ற விவசாயி 1820களில் அங்கிருந்த பழங்குடி மக்களின் முறையைக் கற்று விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு.

செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அந்த மிளகு எங்கிருந்து வருகிறது என்று புரியும். இலையைக் காற்றில் காயவைத்து, நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு, கையால் முறுக்கிச் சின்னச் சின்னக் கட்டுகளாக்கி, விஸ்கி ஊறிய ஓக் பீப்பாய்க்குள் அடுக்குவார்கள். மேலே பலகை வைத்துத் திருகு ஜாக்கியால் அழுத்துவார்கள். அழுத்த அழுத்த இலையின் சாறே மேலே ஏறி வந்து இலையை மூடிவிடும், காற்று உள்ளே போகாது, அந்தச் சாற்றுக்குள் அது புளிக்கும். நடுவில் சில முறை பீப்பாயைத் திறந்து, இலையை வெளியே எடுத்துக் காற்றுக் காட்டி, புரட்டிப் போட்டுத் திரும்ப அழுத்துவார்கள். ஒரு வருடமாவது ஆகும். வெளியே வரும்போது இலை கருகருவென்று பிசுபிசுப்பாக, அத்திப்பழமும் காடியும் கலந்த ஒரு மணத்தோடு இருக்கும். நான் ஒரு இழையை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தேன், கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் அந்த மணம் போகவில்லை.

ஆமாம், நீங்கள் உணர்ந்த மிளகு பெரிக்தான் என்று தைரியமாகச் சொல்வேன். பழ மணம் அந்த மிளகுக்குப் பின்னாடியே வரும், உலர்ந்த பிளம், உலர்திராட்சை, அத்தி இந்த வரிசையில். பெரிக்கைத் தனியாக யாரும் கிண்ணத்தில் அடைப்பதில்லை, தாங்காது. ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி, சிட்டிகைதான் போடுகிறார்கள், அது இல்லாவிட்டால் மட்டும் உடனே தெரியும்.

கண்ணால் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை நைட்கேப்பைப் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு எல்லாம் வர்ஜீனியா. இளம் பழுப்பில் கொஞ்சம் பச்சை ஓடுகிற மெல்லிய துணுக்குகள் பெரும்பாலும் ஓரியண்டல். கறுப்பாக இருப்பதில் லட்டாக்கியா, பெரிக் இரண்டும் கலந்திருக்கும், நிறத்தை வைத்து இவற்றைப் பிரிப்பது கஷ்டம். ஒவ்வொரு கறுப்பு இழையாக எடுத்து மோந்து பார்த்தால் உண்டு, அதுவும் டின்னுக்குள் ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறியிருக்கும். அதனால் பெரிக்கை நன்றாகத் தெரிந்துகொள்ள லட்டாக்கியா இல்லாத கலவைக்குப் போங்கள். எஸ்குடோ வாங்குங்கள், வர்ஜீனியாவும் பெரிக்கும் மட்டும், கயிறாகத் திரித்து வட்ட வட்டமாக நறுக்கிய வில்லைகளாக வரும். ஒரு வில்லையை மடித்து அப்படியே அடைக்கலாம், உதிர்த்தும் அடைக்கலாம், உதிர்த்தால் பெரிக் சீக்கிரம் தெரியும். இல்லையென்றால் கார்னெல் அண்ட் டீல் போன்றவர்கள் இலைகளைத் தனித்தனியாகவே விற்கிறார்கள், வர்ஜீனியாவில் பெரிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நீங்களே கலந்து பார்க்கலாம். கலவையை ரசிப்பதற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு மூன்று வாரத்தில், டின் விளக்கத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

கடுங்காப்பி:

ஓக்பீப்பாய், அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பற்றவைப்பதற்கு முன்னால், அடைத்த கிண்ணத்தில் வெறுமனே இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். தீ இல்லாமல் வரும் அந்தக் காற்றில் ஓரியண்டலின் புளிப்பும் பெரிக்கின் காடி வாசமும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் லட்டாக்கியாவின் புகை இன்னும் எழவில்லை. இன்னொன்று, மூக்கு ஒரே வாசனையில் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். லட்டாக்கியா பலமாக இருக்கும் கலவையில் பாதியில் பைப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நாலு மூச்சு நல்ல காற்று வாங்கிவிட்டு வந்தால், அதே கிண்ணம் வேறு கலவை போல் பேசும். பால் சேர்க்காத தேநீர் பக்கத்தில் இருக்கட்டும். சர்க்கரை போட்ட காப்பி வர்ஜீனியாவின் இனிப்பை மறைத்துவிடும், என் பெயருக்கு இது பொருத்தமில்லை என்றாலும் உண்மை.

வேப்பமரத்தடி:

மூன்று அடுக்காக அடைப்பது, முதல் அடுக்கு குழந்தையின் கைபோல், இரண்டாவது பெண்ணின் கைபோல் என்று யாராவது வந்து சொல்வதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நைட்கேப் இழைகளாக நறுக்கிய கலவை, மேலிருந்து தளர்வாக உதிரவிட்டு லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் போதும். இழுக்கும்போது எதிர்ப்பு கொஞ்சமே இருக்க வேண்டும்.

அதோடு ஒரு முக்கியமான விசயம். புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று நம்பிவிடாதீர்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் ஈறு நோய்க்கும் பைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ருசிக்காகப் பிடிப்பவர் எப்போதாவது ஒன்று, நிதானமாக, என்று வைத்துக்கொள்வது உடம்புக்கும் குறைந்த கேடு, ருசியும் அப்போதுதான் தெரியும். ஒரே நாளில் நாலு கிண்ணம் பிடிப்பவருக்கு நாலாவது கிண்ணத்தில் எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள், பைப் பிடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கனகராயன்:

வேப்பமரத்தடி சொன்னது சரி, நானும் கிழமைக்கு இரண்டோடு நிறுத்தி நெடுநாளாகிவிட்டது.

தம்பிக்கு ஒரு பழைய கதையும் தெரிந்திருக்கட்டும், ஏனென்றால் நைட்கேப் பற்றி வாசிக்கும்போது இரண்டு பெயர் வரும், குழப்பம் வரும். இது முதலில் டன்ஹில் கலவை. ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். வருகிறவர் சொல்லும் ருசிக்கு ஏற்ப இலைகளைக் கலந்து, அதற்கு ஒரு எண் கொடுத்து, 'மை மிக்ஸ்சர்' என்ற பதிவேட்டில் எழுதிவைப்பார்களாம். மை மிக்ஸ்சர் 965 என்ற கலவை இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, அந்த 965 பதிவேட்டு எண்தான். பிற்காலத்தில் பெல்ஃபாஸ்டில் முர்ரேஸ் செய்தார்கள், 2005க்குப் பிறகு டென்மார்க்குக்குப் போனது, டன்ஹில் பெயர் 2018 வாக்கில் புகையிலையிலிருந்து விலகியதும் அதே கலவைகள் பீட்டர்சன் பெயரில் வரத் தொடங்கின. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் பழையதுதான் நல்லது என்று சண்டை நடக்கும். என்னிடம் முர்ரேஸ் காலத்து டின் ஒன்று இருந்தது, அதற்கும் இப்போதையதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் பழைய டின்னுக்குள் இலை பல வருடம் முதிர்ந்திருக்கிறது, லட்டாக்கியாவின் கூர்மை மழுங்கி வர்ஜீனியாவின் இனிப்பு ஆழமாகியிருக்கிறது, வித்தியாசத்தில் செய்முறைக்கு எவ்வளவு பங்கு, வயதுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. அந்தச் சண்டைக்குள் போகாதையுங்கோ. கையில் இருக்கும் டின் நல்ல டின்.

மாலைப்புகை:

ஏர்லி மார்னிங் பைப்பும் எஸ்குடோவும் ஆர்டர் சொல்லிவிட்டேன், வரும். கடைசியாக ஒன்று, இந்த மூன்றையும் ஒரே பிரையரில் பிடிக்கலாமா?

ஓக்பீப்பாய்:

வேண்டாம். லட்டாக்கியா பிரையருக்குள் இறங்கிவிடும், அப்புறம் அதே பைப்பில் எஸ்குடோ போட்டால் பெரிக்குக்குப் பதிலாகப் பழைய நைட்கேப்தான் வரும். பிரையரை லட்டாக்கியா கலவைகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். எஸ்குடோவுக்கு உங்கள் கார்ன் காப், அதில் இதுவரை செர்ரி, வெனிலா பிடித்திருந்தால் புதிதாக இன்னொரு காப் வாங்கிக்கொள்ளுங்கள். மிசௌரி மீர்ஷாம் காப் விலை குறைவு, 1869இல் இருந்து மிசௌரியில் வாஷிங்டன் என்ற ஊரில் இதையே செய்கிறார்கள், புதுக் கலவையைச் சோதிக்க அதைவிட நம்பகமானது கிடையாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பிறகு பைப் கிளீனர் விட்டுத் துடைத்து, ஒரு நாளாவது காயவிடுங்கள். டின்னைத் திறந்துவிட்டீர்கள், அதில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், மிச்சத்தை ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, திறந்த தேதியை மூடியில் எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.